புளூஸ் தோற்றவர்களின் புலம்பல் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழில் உலக இசை மரபுகளை அறிமுகம் செய்து வெளிவரும் தொடரில், அமெரிக்கப் புளூஸ் இசை பற்றிய பகுதியை வாசித்தேன். பாடநூலுக்கு வெளியே இசையைப் பற்றித் தமிழில் வாசிக்க நமது பிரதேசத்து மாணவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால், அத்தொடரைத் தொடங்கியமைக்கு முதலில் நன்றி கூறுகிறேன். ஆயினும் அக்கட்டுரையின் இரண்டு கூற்றுகளை என்னால் ஏற்க முடியவில்லை. புளூஸ் என்பது அடக்கப்பட்ட மக்களின் அழுகைப் பாட்டு என்பது ஒன்று. 1960களில் இங்கிலாந்தின் றொக் இசைக்குழுக்கள் கையில் எடுத்த பின்னரே அது பெருமை அடைந்தது என்பது மற்றையது. வன்னிப் பாடசாலைகளில் நீண்டகாலம் சங்கீதம் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்த இசையை விரும்பிக் கேட்டு வருபவன் என்ற முறையிலும் இவ்விரண்டையும் மறுத்து எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல இடங்களில் ஏறத்தாழ ஒரே வேளையில் புளூஸ் உருக்கொண்டது. அவ்விடங்களுள் அதிகம் பேசப்படுவது, மிசிசிப்பி ஆற்றுக்கும் யசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட, டெல்ரா என அழைக்கப்படும் வண்டல் சமவெளியாகும். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபோதிலும் நிலம் பழைய எசமானர்களிடமே இருந்தது. விடுதலை பெற்ற குடும்பங்கள் அந்த நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குச் செய்தன. விதை, மா, உப்பு, உழவுக்கான கோவேறு கழுதை என எல்லாவற்றையும் நிலவுடைமையாளரிடமே கடனுக்குப் பெற்று, ஆண்டு முடிவில் பருத்தியை நிறுத்துக் கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் கடனே மிஞ்சியது. கணக்குப் புத்தகமோ முதலாளியின் கையில் இருந்தது. மலையகத்தில் துண்டு முறையின் கீழ், பட்ட கடனைக் குறித்த சீட்டோடு கடனாளிகளாகவே தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்பட்டவர்களின் கதையை, 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்து குடியேறிய குடும்பங்களிடம் கேட்டறிந்த வன்னி வாசகர்களுக்கு, இந்தக் கணக்குப் புத்தகத்தைப் பற்றி நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வயல்களில் வேலை செய்தோர் தூரத்தில் நின்று ஒருவரையொருவர் கூவி அழைத்த நெடுங்குரல்கள், ரயில் பாதை போட்டவர்களும் சிறைக் கைதிகளும் சம்மட்டி வீச்சுக்கும் கோடரி வீச்சுக்கும் ஏற்பப் பாடிய வேலைப் பாட்டுகள், தேவாலயப் பாடல்கள் ஆகியன கிற்றாருடன் கலந்தபோது புதிய இசை ஒன்று பிறந்தது. கிற்றார் வாங்க வசதியில்லாத சிறுவர்கள், தும்புத்தடியைச் சுற்றிக் கட்டிய கம்பியைக் கழற்றி வீட்டுச் சுவரில் ஆணியடித்து, அதனடியில் போத்தலை முட்டுக்கொடுத்து இறுக்கி, இன்னொரு போத்தலால் அக்கம்பியை வருடி வாசித்துப் பழகினர். பின்னர் கிற்றாரிலும் போத்தலின் கழுத்தையோ கத்தியையோ தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்கும் முறை பரவியது. டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசைக்குழுத் தலைவர், 1903ஆம் ஆண்டளவில் ரட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது, கந்தல் உடுத்த ஒருவர் கத்தியால் தந்தியை வருடியபடி, இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊருக்குப் போவதாகப் பாடியதைக் கேட்டுத் தாம் வியந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஹாண்டி அந்த இசையை எழுத்தில் வடித்து 1912இலும் 1914இலும் வெளியிட்ட உருப்படிகள் நகரங்களுக்கு அதனை அறிமுகம் செய்தன.

மரத்துண்டைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இவ்வாறு வருடுவதன் பயன் உடனே விளங்கும். கிற்றாரின் கழுத்தில் பதித்த மெட்டுக் கம்பிகள் சுரங்களைத் தனித்தனியே நிறுத்திவிடுகின்றன. வருடும்போதோ ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைப்பட்ட வழி முழுவதும் வாசிப்பவருக்குத் திறந்துவிடுகிறது. புளூஸ் பாடகரின் காந்தாரம் (‘க’ என்னும் சுரம்), நமது சங்கீதத்தில் தாழ்ந்ததான சாதாரண காந்தாரத்திலும் நிலைப்பதில்லை, உயர்ந்ததான அந்தர காந்தாரத்திலும் நிலைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கும். நிஷாதமும் (‘நி’) அதன் தாழ்ந்த வடிவான கைசிகியின் பக்கமாகச் சாயும். பியானோவில் அச்சுரத்துக்கெனக் கட்டை இல்லாததால், அதனை வாசிப்போர் அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருங்கே அழுத்தி அந்த அசைவை உணர்த்தினர். பாட்டின் அமைப்பு எளிமையானது. நான்கு எண்ணிக்கை கொண்ட சதுஸ்ர ஏக தாளத்தில் பன்னிரண்டு ஆவர்த்தனங்கள், அதாவது தாளச் சுற்றுகள், என்று நமது மாணவர்களுக்குச் சொல்லலாம். முதல் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவர். ஒவ்வோர் அடிக்கும் உரிய நான்கு ஆவர்த்தனங்களில் குரல் ஏறத்தாழ இரண்டில் முடிந்துவிடும். எஞ்சிய இரண்டில் கிற்றார் பதில் சொல்லும். அடியை இருமுறை பாடுவது சொல் வறுமையால் அன்று. இரண்டாம் முறை பாடும்போது கேட்போரின் எதிர்பார்ப்புக் கூடுகிறது, பாடுபவருக்கோ மூன்றாம் அடியை அந்த இடத்திலேயே கட்டுவதற்கு அவகாசம் கிடைக்கிறது.

இந்த இசை பெரும்பாலும் எங்கே பாடப்பட்டது என்பதைத் தங்கள் கட்டுரை குறிப்பிடவே இல்லை. வாரம் முழுவதும் பருத்தி எடுத்தவர்கள் சனிக்கிழமை இரவில், சாராயமும் மீன்பொரியலும் விற்ற பலகைக் கொட்டில்களில் கூடி ஆடினார்கள். புளூஸ் அவர்களுடைய ஆட்டத்துக்கான இசை. 1895இல் வில் டொக்கரி என்பவர் தொடங்கிய பெரும் பருத்தித் தோட்டத்தில் வாழ்ந்த சார்லி பற்றன், கிற்றாரைத் தலைக்குப் பின்னால் வைத்தும் கால்களுக்கிடையில் வைத்தும் வாசித்து, அதன் உடலைத் தட்டித் தாளம் எழுப்பி, விடியும்வரை மக்களை ஆட வைத்தவர். பருத்தியை அழித்த கூன்வண்டு, ரயில், காதல், துரோகம், ஊர்ப் பொலிஸ் அதிகாரியின் பெயர் எல்லாமே அவர் பாட்டில் வந்தன. சிரிப்பும் கேலியும் சவாலும் அந்தப் பாடல்களில் நிறைந்து கிடக்கின்றன. துயரம் இல்லையென்று நான் சொல்லவில்லை. அதனைப் பலர் முன்னிலையில், தாளத்தோடு, சொல்லழகோடு சொல்லத் தெரிந்தவரின் நிமிர்வே அவற்றில் எனக்கு முதலில் கேட்கிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1927 ஏப்ரல் 21ஆம் திகதி, மிசிசிப்பி ஆற்றின் அணைக்கட்டு கிறீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லாண்டிங் என்ற இடத்தில் உடைத்துக்கொண்டது. டெல்ராவின் பெரும் பகுதி நீரில் மூழ்கியது. கறுப்பினத்தவர்கள் ஆயிரக்கணக்கில் அணைக்கட்டின் மேலேயே முகாம்களில் வைக்கப்பட்டனர். வெளியே போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திக்கு ஆள் இராது என்று தோட்ட முதலாளிகள் அஞ்சியதால், ஆயுதம் தாங்கியவர்களின் காவலில் அவர்களிடம் வேலை வாங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1929இல், பற்றன் இவ்வெள்ளத்தைப் பற்றி இசைத்தட்டின் இரு பக்கங்களையும் நிறைக்கும் பாட்டொன்றைப் பதிவு செய்தார். தண்ணீர் ஏறிய ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் செல்லும் அவர், மேட்டுநிலத்துக்குப் போகலாம் என்றால் தன்னைத் தடுத்துவிட்டார்கள் என்பதையும் அதற்குள்ளேயே சொல்லிவிடுகிறார். குரல் கரகரத்து முழங்குகிறது. கிற்றார் அடித்து ஓடுகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தையும், அதற்கு முன்னர் முட்கம்பிக்குள் முகாம் வாழ்க்கையையும் கண்ட நாங்கள் அதனைக் கேட்டால், இது அழுகை அன்று, சாட்சியம் என்பதைச் சொற்கள் புரியாமலே உணர்ந்துகொள்வோம்.

இனி அதன் பொற்காலத்துக்கு வருகிறேன். 1920 ஓகஸ்ட் 10ஆம் திகதி நியூயோர்க்கில் மேமி சிமித் என்ற பாடகி பாடிய புளூஸ் பாடல் ஒன்று ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்தால் பதிவு செய்யப்பட்டது. கறுப்பினப் பாடகி ஒருவரின் குரலில் வந்த முதலாவது புளூஸ் இசைத்தட்டு அதுவே. கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்கமாட்டார்கள் என்று அதுவரை நம்பியிருந்த நிறுவனங்களை, அந்த இசைத்தட்டின் விற்பனை திகைக்க வைத்தது. அதன் பின்னர்தான் கறுப்பின மக்களுக்கெனத் தனி வரிசைகளில் இசைத்தட்டுகளை வெளியிட நிறுவனங்கள் போட்டியிட்டன. கையால் சாவி கொடுத்துச் சுழலவிடும் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை எளிதில் மதிப்பிடும். மின்கம்பம் எட்டாத குடிசைகளிலும் அந்தப் பெட்டி பாடியது. 1920களின் பேரரசிகள் பெண்களே. மா ரெய்னி, 1923 முதல் 1928 வரை பரமவுண்ட் நிறுவனத்துக்காகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். ரெனசி மாநிலத்தின் சற்றனூகாவில் தெருவோரம் பாடி வளர்ந்த பெஸி சிமித், 1923இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிய முதல் இசைத்தட்டிலேயே இலட்சக்கணக்கான பிரதிகள் விற்று, அக்காலத்தில் ஆகக் கூடுதல் ஊதியம் பெற்ற கறுப்பினக் கலைஞரானார். ஒலிபெருக்கி இல்லாத கூடாரங்களில் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல் அது. இவற்றையெல்லாம் வாங்கியவர்கள் யார்? சலவைத் தொழிலாளிகள், சமையற்காரர்கள், ரயில் சுமைதூக்கிகள், வாரத்துக்கு நிலம் செய்தவர்கள். தம்முடைய பாட்டின் பெறுமதியை அவர்கள் 1920களிலேயே தம் காசால் நிறுவிவிட்டார்கள்.

அந்த நிறுவனங்களின் இயல்பையும் சொல்ல வேண்டும். பரமவுண்ட், விஸ்கொன்சின் மாநிலத்தில் கதிரை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கிளை; கிராமபோன் பெட்டிகளைச் செய்து விற்றவர்கள், பெட்டி விற்பதற்காக இசைத்தட்டும் செய்தார்கள். பிளைண்ட் லெமன் ஜெபர்சன், பற்றன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் குரல்கள் இன்று நமக்குக் கிடைப்பது அந்தக் கதிரை வியாபாரத்தால்தான். 1929இன் பொருளாதாரச் சரிவு எல்லாவற்றையும் நொறுக்கியது. 1927இல் அமெரிக்காவில் 10 கோடியைத் தாண்டியிருந்த இசைத்தட்டு விற்பனை 1932இல் ஏறத்தாழ 60 இலட்சமாக விழுந்தது. பரமவுண்டும் பதிவை நிறுத்தியது. ரொபேர்ட் ஜோன்சன் தமது 29 பாடல்களை 1936இல் சான் அன்ரோனியோவிலும் 1937இல் டலஸிலும் பதிவு செய்துவிட்டு, 1938இல் 27 வயதில் இறந்தார். அவர் நடுச்சாமத்தில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை பெற்றார் என்ற கதையைத் தங்கள் கட்டுரையும் சுவையாகச் சொல்லியிருக்கிறது. ஐக் சிமர்மன் என்ற வாத்தியக்காரரின் வீட்டில் தங்கி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மயானத்தில் இரவிரவாக அவரோடு அமர்ந்து ஜோன்சன் சாதகம் செய்தார் என்பதே அறியப்பட்ட செய்தி. ஓர் ஆசிரியனாக, அந்தச் சாதகத்தை மறைத்துச் சாத்தானுக்குப் புகழ் சேர்க்கும் கதையை மாணவர்களிடம் கொடுக்க நான் விரும்பவில்லை.

1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் சென்றனர். டெல்ராவில் இருந்து ரயில் நேராகச் சிக்காகோவுக்குப் போனது. 1910இல் அந்நகரில் 44,000 ஆக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1960இல் 8 இலட்சத்தைக் கடந்தது. ஊரைவிட்டுப் போனவர்களோடு பாட்டும் போயிற்று. ஸ்ரோவல் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓட்டிய மடி வோட்டர்ஸ் என்பவரை 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அலன் லோமக்சும், பிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜோன் வேர்க்கும் தேடிச் சென்று பதிவு செய்தார்கள். தமது குரல் இசைத்தட்டில் ஒலிப்பதைக் கேட்ட மடி, இரண்டு ஆண்டுகளில் சிக்காகோவுக்கு ரயில் ஏறினார். பகலில் தொழிற்சாலையில் வேலை செய்தார், இரவில் பாடினார். நகரத்துத் தவறணைகளின் இரைச்சலில் மரக் கிற்றார் எடுபடாததால் மின் கிற்றாருக்கு மாறினார். 1948இல் வெளியான அவருடைய இசைத்தட்டு, தெற்கில் இருந்து வந்து இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உருக்காலைகளிலும் உழைத்த மக்களிடையே உடனடியாக விற்றுத் தீர்ந்தது. மௌத் ஓர்கனை ஒலிவாங்கியோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி ஊதிப் புதிய ஒலி ஒன்றையே உண்டாக்கிய லிற்றில் வோல்ரர், டொக்கரித் தோட்டத்துப் பற்றனிடம் நேரில் கற்ற ஹவுலின் வுல்ப், பாட்டுக் கட்டிய வில்லி டிக்சன் ஆகியோர் போலந்தில் இருந்து புலம்பெயர்ந்த செஸ் சகோதரர்களின் நிறுவனத்தில் ஒன்றுகூடிய 1950களே, என் கணிப்பில், புளூசின் இரண்டாவது பொற்காலம். மெம்பிஸ் நகரில் பி. பி. கிங் வானொலியில் பாட்டுப் போட்டுப் புகழ் பெற்றதும் அக்காலத்தை ஒட்டியே. இங்கிலாந்து இளைஞர்கள் எவரும் அப்போது அவ்விடத்தில் இருக்கவில்லை.

ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் தமது பெயரையே மடி வோட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாடலில் இருந்து எடுத்தவர்கள். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தாம் தோன்ற வேண்டுமானால் ஹவுலின் வுல்ப்பும் பாட வேண்டும் என்று வற்புறுத்தி, அவர் பாடும்போது அவர் காலடியில் அமர்ந்திருந்தார்கள். அந்த மரியாதையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அவர்கள் கொண்டுவந்தது புதிய செவிகளையும் புதிய பணத்தையுமே. பெருமை முன்னமே இருந்தது. பணத்திலும் உரியவர்களுக்குப் போனது சிறு பங்கு. பெஸி சிமித்துக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கப்பட்டதே தவிர உரிமைத்தொகை இல்லை. 1937இல் வீதி விபத்தில் இறந்த அவருடைய கல்லறைக்கு 1970 வரை பெயர்க்கல்கூட இருக்கவில்லை. 1928இல் பதிவு செய்த மிசிசிப்பி ஜோன் ஹேர்ட், 1963இல் இளைஞர் ஒருவர் தேடி வரும்வரை அவலன் என்ற தமது ஊரில் தோட்டவேலையே செய்துகொண்டிருந்தார்; அவரைக் கண்டுபிடிக்க உதவியது, தமது ஊரின் பெயரை அவர் பாட்டில் வைத்திருந்ததுதான். வில்லி டிக்சன் தமது பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. புகழ் பெற்ற ஆங்கிலேயக் குழு ஒன்றோடு அவர் தொடுத்த வழக்கு 1987இல் இணக்கமாக முடிந்தது.

இவற்றை நான் இவ்வளவு அழுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வன்னியைப் பற்றி எழுதும் பலரும் இங்கிருந்து அழுகையை மட்டுமே எதிர்பார்க்கிறார்கள். நாட்டார் பாடல்களான பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் பாடியவர்கள், சூடு மிதிக்கும் களத்தில் மாடு வளைத்தபடி பொலி பாடியவர்கள், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் விடியவிடிய ஆடியவர்கள் ஆகியோரின் கேலியையும் கம்பீரத்தையும் கேட்க வருவோர் குறைவு. அவர்களுள் பலர் முதுமை அடைந்துவிட்டார்கள். பாடல் வரிகள் ஓரளவு அச்சில் உள்ளன. குரல்கள் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளன. எனது பழைய மாணவர்கள் சிலர் கைத்தொலைபேசியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பாடியவரின் பெயர், ஊர், பதிவு செய்த திகதி ஆகியவற்றைக் குறித்து வைக்கவும், பாடியவருக்கே முதற் பிரதியைக் கொடுக்கவும், பணம் வந்தால் அவருடைய பங்கை முதலில் ஒதுக்கவும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் தொடரின் அடுத்த பகுதி ஜாஸ் இசை பற்றியது என அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னர், மேலே கூறிய இரண்டு திருத்தங்களையும் பிரசுரிக்குமாறு வேண்டுகிறேன். கட்டுரையோடு வெளியான படத்தின் கீழ் ‘கறுப்பினப் பாடகர்’ என்று மட்டும் இருந்தது. இனி வரும் படங்களுக்குப் பெயரும் ஆண்டும் இடப்பட வேண்டும். கேட்க விரும்பும் மாணவர்களுக்கு இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றன: பெஸி சிமித்தின் 1923ஆம் ஆண்டுப் பதிவில் தொடங்கி, பற்றனின் 1929ஆம் ஆண்டு வெள்ளப் பாட்டைக் கேட்டு, பின்னர் மடி வோட்டர்ஸ் 1941இல் தோட்டத்தில் பாடியதையும் 1948இல் சிக்காகோவில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர்,
கிளிநொச்சி.